மூன்று ஆண்கள் அல்லது ஐந்து பெண்கள்

காலாண்டுத் தேர்வு முடிந்து ஒன்பதாம் வகுப்பின் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் தமிழ்வழிப் பிள்ளைகள் குறைவு. பெயரைப் பார்க்காமலே கையெழுத்தை வைத்து யார் தாள் என்று சொல்லிவிடுவேன். அந்தத் தாள் வகுப்பில் நன்றாகக் கணக்குப் போடும் பெண்ணுடையது.

கேள்வி எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான். மூன்று ஆண்கள் அல்லது ஐந்து பெண்கள் ஒரு வேலையை இருபது நாட்களில் முடிப்பார்கள் என்றால், ஆறு ஆண்களும் பத்துப் பெண்களும் சேர்ந்து எத்தனை நாட்களில் முடிப்பார்கள்? ஐந்து நாள் என்று சரியாகப் போட்டிருந்தாள். ஆனால் முதல் படிக்கு மேலே ஒரு வரி: ‘பெண்கள் ஆண்களைவிட மெதுவாக வேலை செய்வார்கள் என எடுத்துக்கொள்வோம்.’

முழு மதிப்பெண் போட்டேன். அடுத்த தாளுக்குப் போக முடியவில்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“இந்த வரிய எதுக்கும்மா எழுதின?”

“எதுனா எடுத்துக்கினா மொதல்ல எழுதணும்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க?”

“அது எக்ஸ், ஒய்யுக்குச் சொன்னது.”

“எங்கூட்ல அம்மா ரெண்டு தறி பாத்துக்கினு இருக்காங்க. நைனா ஒண்ணுதான் பாக்குறாரு. கேள்வில வேற மாதிரி வருது. அது நெசமான்னு எனக்குத் தெரியல. அதான் எடுத்துக்கினேன்னு எழுதினேன். தப்பா டீச்சர்?”

“தப்பில்ல” என்றேன்.

அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதியது நான்தான். வினாத்தாள்கள் சித்தூரில் தயாராகும். ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் இருப்பதைத் தமிழ்வழிப் பள்ளிகளுக்காகத் தமிழாக்கித் தருவது பல வருடங்களாக என் பொறுப்பு. எண் மாறாமல், குறி மாறாமல் எழுதித் தருவேன் என்று எனக்கு நல்ல பெயர். இந்தக் கணக்கை நானே எத்தனையோ முறை கரும்பலகையில் போட்டிருக்கிறேன். ஒரு முறைகூட உறுத்தியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய வினாத்தாள்களையெல்லாம் எடுத்து வைத்து உட்கார்ந்தேன். ஆண் வரும் கேள்விக்கு நீலப் பென்சில், பெண் வரும் கேள்விக்குச் சிவப்பு. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதினேன். நீலத்துக்குப் பக்கத்தில் நிலம், கார், பாலம், வட்டி, கிரிக்கெட். சிவப்புக்குப் பக்கத்தில் பால், சர்க்கரை, வளையல், கோலம். சிவப்புப் பென்சிலை இரண்டாவது முறை சீவ வேண்டி வரவில்லை.

எரிச்சலோடு ஆங்கில மூலத்தை எடுத்து ஒப்பிட்டபோதுதான் எனக்கு அடி விழுந்தது. மூலத்தில் கடைக்காரர் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. தமிழில் ‘விற்றான்’ என்று எழுதியது நான். பரிசு வாங்கிய மாணவரை ‘மாணவன்’ ஆக்கியது நான். ரயிலை ஓட்டியவர், கோபுரத்தின் உயரத்தை அளந்தவர், எல்லோருக்கும் ‘ஆன்’ விகுதி போட்டது நான். துணி தைத்தவர் ஒருவருக்கு மட்டும் கேட்காமலே ‘ஆள்’ போட்டிருந்தேன். யாரைக் குற்றம் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தவளுக்குத் தன் கையெழுத்தே கிடைத்தது. வெட்கமாக இருந்தது. இனி விடக்கூடாது என்ற பிடிவாதமும் அங்கேதான் வந்தது.

முதலில் எல்லாவற்றையும் ‘ஆர்’ என்று மாற்றினால் போதும் என்று நினைத்தேன். ‘ஒரு பொறியாளர் பாலத்தின் நீளத்தை அளந்தார்.’ சரியாகத்தான் இருந்தது. வகுப்பில் அந்தக் கணக்கைக் கொடுத்து, கூடவே படமும் வரையச் சொன்னேன். வந்த படங்களில் பொறியாளருக்கு மீசை இருந்தது. தறி பற்றிச் சொன்ன அந்தப் பெண்ணின் படத்திலும் மீசை.

“ஏம்மா?”

அவள் படத்தைப் பார்த்தாள். “தெரில டீச்சர். கை அப்டித்தான் போச்சு.”

ஆக, விகுதியை மழுப்பினால் போதாது, பெண் பெயரை வைத்தே எழுத வேண்டும் என்று புரிந்தது.

அடுத்த வினாத்தாள் கூட்டத்துக்குச் சித்தூர் போனபோது பென்சில் கோடு போட்ட அந்தத் தாள்களையும் கொண்டுபோனேன். தாள் தயாரிப்புக்குப் பொறுப்பாளர் ஒரு மூத்த கணக்கு ஆசிரியர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். என் பென்சில் கோடுகளைப் புரட்டிவிட்டு, “இது மேத்ஸ் மேடம், சோஷியல் காது. லெக்க சரியா இருந்தா சாலு” என்றார். இது சமூகப் பாடமில்லை, கணக்குச் சரியாக இருந்தால் போதும் என்கிறார்.

“லெக்க சரிதான் சார். நான் எழுதினதுதான் தப்பு. அத மொதல்ல சொல்லிடறேன்” என்று என் தவறுகளைப் படித்தேன். பிறகு பழைய கேள்விகளில் ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றி வாசித்தேன். ‘ஒரு தந்தை பாயசத்துக்காக இரண்டு லிட்டர் பால் காய்ச்சினார்.’ இரண்டு பேர் சிரித்தார்கள். ‘மூன்று பெண்கள் அல்லது ஐந்து ஆண்கள் ஒரு வேலையை இருபது நாட்களில் முடிப்பார்கள்.’ மேசையே சிரித்தது. ‘பங்காருபாளையத்தில் ஒரு பெண் தன் மாந்தோப்பை மூன்று மகள்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தார்.’

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

“எண் எதையும் நான் மாத்தல சார். அப்புறம் ஏன் சிரிப்பு வந்தது?”

பொறுப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தமிழ்ப் பேப்பர்ல நீங்க மாத்திக்கோங்க மேடம்.”

“மூணு ஆண், அஞ்சு பெண் ஒரிஜினல்லயே இருக்குது சார். அத நான் எப்படி மாத்தறது?”

அவர் பேனாவை எடுத்து ‘ஆண்கள்’ என்பதை அடித்துப் ‘பெரிய மோட்டார்’ என்றும், ‘பெண்கள்’ என்பதை அடித்துச் ‘சின்ன மோட்டார்’ என்றும் எழுதினார். தொட்டி நிரப்புகிற கணக்காக அது மாறியது. “இப்ப ஓகேயா?” என்றார். ஓகே என்றேன்.

சில வாரங்கள் கழித்துத் திருப்பதியில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் இதைப் பேச எனக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். பாதிப் பேர் செல்போனில் இருந்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு ஆசிரியை எழுந்தார்.

“எங்க வீட்ல நான்தானம்மா சமைக்கிறேன். உள்ளத எழுதினா தப்பா?”

“தப்பில்லக்கா. நானும்தான் சமைக்கிறேன். ஆனா பத்தாவது பசங்களுக்கு டிரிக்னாமெட்ரியும் நீங்கதான சொல்லித் தர்றீங்க? அது ஏன் ஒரு கேள்வியிலும் வரல?”

கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து அந்தப் பென்சில் தாள்களைக் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அரையாண்டுத் தாள் வந்தது. மோட்டார் கணக்கு இருந்தது. பாலத்தை ஒரு பெண் அளந்தாள். பதினேழாவது கேள்வியில், எனக்குக் காட்டாமல் வேறு யாரோ தமிழாக்கிக் கடைசியில் சேர்த்தது போலிருக்கிறது, ஒரு கணவன் தன் மனைவிக்குச் ‘செலவைக் குறைக்கச் சொல்லித் தரும்’ சதவீதக் கணக்கு. தேர்வு முடிந்த மணி அடித்ததும் அதில் கோடிட்டுப் பொறுப்பாளருக்கு அனுப்பினேன். மதியம் பதில் வந்தது: ‘அடுத்த தடவை டிரான்ஸ்லேஷனுக்கு வேண்டாம் மேடம். கேள்வி எழுத வாங்க.’

வருகிறேன் என்று உடனே பதில் போட்டேன். மதியத் தேர்வுக்கு மணி அடிப்பதற்குள் வட்டிக் கணக்கு ஒன்றையும், அளவியல் கணக்கு ஒன்றையும் எழுதி முடித்திருந்தேன்.