வெட்டப்பட்ட கடைசிப் பந்தி

தேநீர் குடித்தால் புரொஸ்டேட் புற்றுநோய் குணமாகாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் பின்னால் வரும்.

இலங்கையில் ரத்தினபுரிப் பக்கம் ஓப்பநாயக்கவில் இருந்துகொண்டு ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இருபத்தேழு வருடம் பிரதேச நிருபராக வேலை செய்தேன். மண்சரிவு, சம்பளப் போராட்டம், வீதி விபத்து இவைதான் என் செய்திகள். ஓய்வு பெறும் வருடம் ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தேயிலையைப் பற்றி எழுதினேன்.

1. கட்டுரை

பச்சைத் தேயிலையில் கெட்டசின் என்ற இயற்கைச் சேர்மம் இருக்கிறது. உடம்பில் பழுதான கலம், அதாவது செல், தானாகவே செத்துப்போக ஓர் ஏற்பாடு உண்டு. புற்றுநோய்க் கலம் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டுப் பெருகுகிறது. ஆய்வுகூடத்தில் புரொஸ்டேட் புற்றுநோய்க் கலங்கள் மீது இந்தச் சேர்மத்தைச் சேர்த்தால், நின்றுபோன ஏற்பாடு மறுபடி ஓடி, கலங்கள் சாகின்றன. ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர் எனக்கு இதை விளக்கினார். இன்னொன்றும் சொன்னார். அவை கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்கள். அங்கே சேர்க்கிற அளவு, எத்தனை கோப்பை குடித்தாலும் இரத்தத்தில் சேராது. இதை நம்பி யாரும் மருந்தை நிறுத்தக்கூடாது.

இந்த எச்சரிக்கையைக் கடைசிப் பந்தியாக எழுதினேன்.

இடம் போதாவிட்டால் செய்தி திருத்தும் டெஸ்கில் அடியிலிருந்து வெட்டுவார்கள். நிருபர் முதல் மாதமே தெரிந்துகொள்ளும் விஷயம் அது. அந்த ஞாயிறு என் கட்டுரைக்குக் கீழே ஒரு ஃப்ரிஜ் விளம்பரம் வந்திருந்தது. கடைசிப் பந்தி இல்லை. தலைப்பையும் டெஸ்க்தான் போட்டிருந்தது: 'புற்றுநோயைக் கொல்லும் நம் தேயிலை.' பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. தலைப்பு நன்றாகத்தான் இருந்தது.

2. கடைசிக் காம்பரா

ஏழெட்டு மாதம் கழித்து, பக்கத்துத் தோட்டத்தில் டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொள்ளும் சிவகுமார் போன் எடுத்தார். பஸாரில் பிறந்த முஸ்லிம் என்பதால் தோட்டத்தில் எல்லோருக்கும் நான் 'நானா', அதாவது அண்ணன்.

"நானா, இங்க ஒருத்தர் கிளினிக்குக்குப் போக மாட்டேங்குறாரு. கேட்டா உங்க பேரச் சொல்றாரு."

அவர் பெயர் மாரிமுத்து. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் கடைசிக் காம்பரா அவருடையது. வயது அறுபத்தெட்டு. மனைவி இறந்துவிட்டார். மகள் குவைத்தில். சுவரில், கஞ்சி தடவி ஒட்டிய என் கட்டுரை. வாசலில் தகரத்தின் மேல் தேயிலை காய்ந்துகொண்டிருந்தது.

"வாங்க நானா. எழுதுனவரே வந்துட்டீங்க. உக்காருங்க, உங்க மருந்த நீங்களும் ஒரு கோப்பை குடிங்க."

இலை அவர் வீட்டுக்குப் பின்னால் உள்ள நாலு செடியில் பறித்தது. "புளிக்க விடாம ஆவியில காட்டிக் காய வெச்சது. முப்பத்தஞ்சு வருஷம் ஃபேக்டரி ரோலிங் ரூம்ல எலையக் கறுப்பாக்குனவன் நானு. பச்சையா வெக்க எனக்கா தெரியாது?"

புரொஸ்டேட் புற்றுநோய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி. இரண்டு தவறியிருந்தது.

"ஏன் போகல?"

"ஊசி போட்டா பொம்பளையாட்டம் வேர்த்துக் கொட்டுது. ரத்தினபுரி போய்ச் சேர்றதுக்குள்ள ஒண்ணுக்குப் போக மூணு தடவ பஸ்ஸ விட்டு எறங்கணும், கண்டக்டர் சிரிக்கிறான். இது எந்த எடத்து வியாதின்னு லயத்துல யாருக்கும் தெரியாது நானா. மககிட்ட வயித்து வலின்னு சொல்லி வெச்சிருக்கேன்." சுவரைக் காட்டினார். "அந்தப் பேப்பருக்கு மட்டுந்தான் தெரியும்."

3. பிரதி

மறுநாள் என் மூலப் பிரதியை எடுத்துப்போனேன். கடைசிப் பந்தியை வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து, சுவரில் இருந்த கட்டுரையின் அடிவரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இது இதுல இல்லையே."

"எடம் இல்லாம வெட்டிட்டாங்க அண்ணே."

"எங்கேருந்து வெட்டுவாங்க?"

"கடைசியிலருந்து."

"எப்பவுமே அப்பிடித்தானா?"

"எப்பவும்."

சுவரிலிருந்து விரலை எடுத்தார். "எலையில கல்லு கெடந்தா ரோலர்ல போடறதுக்கு முந்திப் பொறுக்குவோம் நானா. அரைச்சி முடிச்சிட்டுப் பொறுக்க மாட்டோம்."

தவறு என்னுடையதல்ல என்று காட்டத்தான் அந்தப் பிரதியைக் கொண்டுபோயிருந்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கிளினிக்குக்கு அவரோடு நானும் போனேன். மூன்று இடத்தில் இறங்கினார். நானும் இறங்கினேன். அடுத்த பஸ் வரும்வரை இருவரும் வீதியோரத்தில் நின்றோம். டாக்டரம்மா ஸ்கேன் படங்களைப் பார்த்தார். நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. அவர் கோபிக்கவில்லை.

"சீயா, தே பொன்ன. ஹபெய் பேத் விதின்ன என்ட ஓனே."

தாத்தா, தேநீர் குடியுங்கள், ஆனால் ஊசிக்கு வந்தே ஆக வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். மாரிமுத்து பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையாட்டினார். தவறிய இரண்டு ஊசிகளால்தான் இப்படி ஆனதா என்று அவர் வெளியே போனபின் கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

4. திருத்தம்

பத்திரிகைக்கு மூன்று வரித் திருத்தம் எழுதி அனுப்பினேன். உள்பக்கத்தில் போட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

"சுவத்துல இருக்கிறதக் கிழிச்சிடவா அண்ணே?"

"வேணாம் நானா. பொய்யா இருந்தாலும் என் வியாதியப் பத்திப் பேசுறது அது ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு நான்கு கிளினிக் போனோம். ஐந்தாவது கிளினிக் தேதிக்கு அவர் இல்லை. அன்று காலை பழக்கத்தில் பஸ் நிலையம்வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. எந்த வரி இல்லாமல் போனால் ஒரு மனிதருக்குக் கெடுதல் வருமோ, அதை முதல் வரியாக வையுங்கள். இந்தக் குறிப்பை யாராவது அடியிலிருந்து வெட்டினால் போவது இந்த அறிவுரையும் நானும்தான். முதல் வரி நிற்கும்.