இடது பின் சக்கரம்

ராத்திரி பன்னிரண்டு மணி, மல்லிகைப்பூ வாசம், வெள்ளைப் புடவை, நாய் ஊளை... இதெல்லாம் வேண்டுமென்றால் வேறு எங்கேயாவது போய்ப் படித்துக்கொள்ளுங்கள். இங்கே ஒன்றும் கிடைக்காது. இது போன மார்ச்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டை பிளக்கிற வெயிலில், ஒரகடம் ரோட்டில் நடந்தது. எடை மேடைச் சீட்டு இரண்டு இருக்கிறது, தேதியும் நேரமும் அச்சடித்து. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மைக்கேல்ராஜும் நம்பாத ஆள்தான். நம்பாதது மட்டுமில்லை, நம்புகிறவர்களைக் கண்டாலே அவனுக்குக் குமட்டும். ஒரகடத்தில் ஷாக் அப்சார்பர் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்டிங் சூப்பர்வைசர். ஷாக்கை மெஷினில் மாட்டி, பத்து லட்சம் தடவை மேலும் கீழும் ஆட்டி, எப்போது ஆயில் கசிகிறது என்று குறித்து வைப்பதுதான் வேலை. பதினான்கு வருஷம் இதைச் செய்து செய்து, உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை என்று முடிவு கட்டியிருந்தான். அளந்து பார்க்கிறவன் ஒரு வகை, அளக்கத் தெரியாத முட்டாள் இன்னொரு வகை. முதல் வகையில் அவன் ஒருத்தன்தான் இருந்தான்.

அவன் மனைவி லிடியாவுக்கு ஆறாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இரண்டுமே நான்காம் மாதத்தில் போய்விட்டன. இந்தத் தடவை டாக்டரம்மா ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: உடம்பு குலுங்கவே கூடாது. இவர்கள் வீடோ சேரப்பணஞ்சேரிக்கு உள்ளே, புது மனைப்பிரிவில். மெயின் ரோட்டுக்கு வர ஏரிக்கரை மண்ரோடு. மண் லாரி ஓடி ஓடி அது ரோடாகவே இல்லை.

ஒரு நல்ல கார் பிடித்து, மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். எந்த மனுஷனும் அதைத்தான் செய்வான். "கால் டாக்ஸிக்காரனுக்குப் பள்ளம் எது, மேடு எதுன்னே தெரியாது" என்றான் மைக்கேல்ராஜ். கரடுமுரடான தடத்தில் ஓடுகிற பழைய ஜீப் ஒன்றைத் தசரதன் என்கிற காண்டிராக்டரிடம் வாங்கினான். வாங்கிய வியாழக்கிழமையே எடை மேடையில் ஏற்றி நிறுத்தினான். ஆள் இல்லாமல் 1,420 கிலோ. அதில் கேஸ் அடைத்த நல்ல ஷாக் நான்கு மாட்டி, பின்சீட்டில் லிடியாவைக் கால் நீட்டி உட்கார வைத்து, தண்ணீர்மேல் போகிற மாதிரி கூட்டிப்போவதாகத் திட்டம்.

சனிக்கிழமை மதியம் சக்கரங்களைக் கழற்றினான். மூன்று சக்கரத்தில் ஜீப்புக்கான சாதாரண ஷாக். இடது பின் சக்கரத்தில் மட்டும் லாரி ஷாக். கல். கையால் அழுத்தினால் அசையவே இல்லை. அதற்கு மேலே இருந்த சீட்டில் மெத்தையே கிடையாது; ஒரு இரும்புத் தகட்டை அடித்து வைத்திருந்தார்கள். சக்கரத்துக்கு மேலே வெள்ளைப் பெயிண்டில், கோணல்மாணலாக: "கழற்றாதே. இசக்கிதுரை." கீழே ஒரு போன் நம்பர்.

மைக்கேல்ராஜ் வயிறு குலுங்கச் சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம். திட்டுவதற்கென்றே போன் போட்டான்.

"யோவ், ஜீப்புல லாரி ஷாக் மாட்ன புத்திசாலி நீதானா?"

"ஆமா அண்ணாச்சி. தசரதன் சாருட்ட டிரைவரா இருந்தேன். அத மட்டும் கழத்திராதிய." தெற்கத்திப் பேச்சு.

"ஏன்? நீ இன்னா பெரிய இன்ஜினீயரா?"

"அதில்ல. அந்த எடம் குலுங்கணும், அண்ணாச்சி. குலுங்கிக்கிட்டே இருக்கணும். ஒரு நிமிசம் நான் சொல்லுதத..."

வைத்துவிட்டான். ஏன் என்று கேட்கவில்லை. ஒரு டிரைவரிடம் காரணம் கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

நான்கு புது ஷாக்கும் ஏறின. தகட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நாலு அங்குல மெத்தை போட்டான். மாலை 5.20. டேப்பை எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு மேலே இருக்கிற பாடியின் விளிம்பு வரை அளந்தான். முன்னால் இரண்டும் 52 சென்டிமீட்டர். வலது பின்னால் 52.

இடது பின்னால் 49.

எடையைத் தாங்குவது ஷாக் இல்லை, ஸ்பிரிங். அது அவனுக்குத் தெரியாதா? ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறது என்று வலதை இடதிலும் இடதை வலதிலும் மாற்றிப் போட்டான். முதுகு ஒடிந்தது. தொய்ந்த ஸ்பிரிங் வலது பக்கம் போனால் வலது பக்கம்தானே இறங்க வேண்டும்? 7.05க்கு மறுபடி அளந்தான்.

வலது 52. இடது 49.

"தரை சரியில்ல" என்றான். தரைக்கும் ஒரு திட்டு விழுந்தது.

ஞாயிறு காலை லிடியா பக்கத்து வீட்டு மெர்சியோடு சர்ச்சுக்கு நடந்து போனாள். நாலு வீடு தள்ளித்தான் சர்ச். ஆராதனை முடிந்ததும் ஜீப்பில் ஏறி, வாலாஜாபாத்தில் அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. மறுநாள் அங்கேயே செக்கப். இவன் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. பாட்டுப் பாடினால் பள்ளம் மூடிக்குமா என்று கேட்கிற ஆள். 11.40க்கு, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஜீப்பைத் தனியாக எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஏரிக்கரை மண்ரோட்டில் விட்டான். மூடி இல்லாத தண்ணீர் பாட்டிலை டாஷ்போர்டில் நிறுத்தி வைத்திருந்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. முழங்கால் ஆழப் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் வண்டி ஒரு தடவை அமுங்கி, ஒரு தடவை எழுந்து, அதோடு அடங்கியது. பெருமை தாங்கவில்லை அவனுக்கு. "பாருடா இசக்கிதுரை" என்று சத்தமாகவே சொன்னான்.

மெயின் ரோடு. கம்பெனி பஸ் ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் பூட்டிய கேட்டுகள். வெயில் மட்டும் இருந்தது.

12.02. பின்னால் ஒரு சத்தம்.

க்ர்ர்... க்.

புது மெத்தை அமுங்குகிற சத்தம். கண்ணாடியில் பார்த்தான். யாரும் இல்லை. மெத்தை படிகிறது, அவ்வளவுதான்.

வலது பக்கம் திருப்பினான். வண்டி திரும்பும்போது உள்ளே இருக்கிறவர்கள் ஒரு பக்கம் சாய்வார்களே, சாயாமல் இருக்கக் கம்பியைப் பிடிப்பார்களே... பின்னால் வளையல் ஒன்று கம்பியில் இடித்தது.

டிங்.

பிரேக் போட்டான். இறங்கிப் போய்ப் பார்த்தான். ஸ்பேனர் எதையாவது விட்டிருப்போம் என்று சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடினான். ஒன்றும் இல்லை. ஏறி மறுபடி ஓட்டினான்.

12.09. காதுக்குப் பக்கத்தில் இல்லை. பின்சீட்டில்தான். ரொம்ப நேரம் நின்று கால் கடுத்தவர்கள், கடைசியில் உட்கார இடம் கிடைத்ததும் விடுவார்களே, அந்த மூச்சு.

"அப்பாடா..."

பெண் குரல்.

அப்போதும் மைக்கேல்ராஜை அளக்கிற புத்தி விடவில்லை. நேரே எடை மேடைக்கு விட்டான்.

மேடையில் ஜீப்பை நிறுத்தி, இறங்கி, தள்ளி நின்றான். ஜன்னலுக்குப் பின்னால் பாஞ்சாலி. பத்து வருஷமாக அங்கே எடை போடுகிறவள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு ஜீப்பைப் பார்த்தாள்.

"வண்டி எடைதானே? பின்னாடி கீறவங்கள எறங்கச் சொல்லு."

"யாரும் இல்ல."

"இன்னா வெளையாடுறியா?" என்று எட்டிப் பார்த்தவள் குரலைத் தணித்தாள். "ஐயோ, மாசமா கீறாங்களா? வேணாம், வெயில்ல எறக்காத. ஆளோடவே போட்டுத் தரேன்."

"ஏய், மேடை ரிப்பேரு, கண்ணும் ரிப்பேரா உனக்கு?"

பாஞ்சாலி சீட்டை நீட்டினாள். 12.14. எடை 1,480 கிலோ. வியாழக்கிழமையைவிட அறுபது கிலோ கூடுதல். ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தாள்: "பின்சீட்டில் ஆள் உண்டு."

லிடியா சர்ச்சில் இருக்கிறாள். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்த்தான்.

சீட்டு காலி. மெத்தையில் ஒரு குழி.

அப்போதாவது ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருக்கலாம், பாவி. மூன்றாவது பிள்ளை அது. ஆனால் ஒரு எடைமேடைக்காரி சொன்னதற்குப் பயந்தான் என்று நாளைக்கு யாராவது சொல்லிவிட்டால்? மெத்தையை ஓங்கித் தட்டிவிட்டு, சர்ச்சுக்கு விட்டான்.

12.48. லிடியா வந்தாள். மெர்சி கையைப் பிடித்து மெல்ல ஏற்றிவிட்டாள். இடது பின்சீட்டில்.

"சீட்டு கதகதன்னு இருக்கு. யாரு உக்காந்திருந்தாங்க?"

"வெயிலு" என்றான். மேலே கூரை இருந்தது.

வாலாஜாபாத் வரைக்கும் வண்டி குலுங்கவே இல்லை. லிடியா கால் நீட்டினாள். கண்ணை மூடினாள்.

"அப்பாடா..."

அவன் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது.

அதே குரல். அதே இழுப்பு.

1.35. மாமியார் வீட்டு வாசல். லிடியா கையை ஊன்றி இறங்கினாள். அவள் எடை குறைந்ததும் ஜீப்பின் இடது மூலை மேலே எழுந்தது. சரி.

லிடியா இரண்டு எட்டு நடந்தாள்.

மூலை இன்னொரு தடவை எழுந்தது.

அவள் உள்ளே போனபிறகு டேப்பை எடுத்தான். 52. 52. 52. 52. நாலும் ஒன்றுபோல. அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தான். "ஸ்பிரிங்கு செட் ஆவல, அவ்ளோதான். இப்போ ஆயிட்ச்சு." அந்தச் சிரிப்போடு போய் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டான்.

திங்கட்கிழமை, மாலை 3.50. ஸ்கேன்.

டாக்டரம்மா பார்த்தார். துடைத்தார். மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவை அளந்தார்.

"போன ஸ்கேன்ல ஒண்ணுதானே காட்டிச்சு?"

"ஆமா மேடம்."

"ரெண்டு இருக்கு." திரையில் விரலை வைத்தார். "ஒண்ணு சரியா இருக்கு. இருபத்திநாலு வாரம், அறுநூறு கிராம். இன்னொண்ணு... முப்பத்தெட்டு வாரம் காட்டுது. ரெண்டே முக்கால் கிலோ. சான்ஸே இல்ல. மெஷின்ல ஏதோ கோளாறு. இருங்க, வேற மெஷின்ல பாக்கலாம்."

மெஷின் கோளாறு. இதைத்தானே அவன் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இப்போது தலையாட்டக்கூட முடியவில்லை.

4.20. வராந்தாவுக்கு வந்து இசக்கிதுரைக்குப் போன் போட்டான். முதல்தடவையாக, ஒரு டிரைவரிடம் காரணம் கேட்டான்.

"என் வீட்டுக்காரி, அண்ணாச்சி. மூணு வருசமாச்சு. நெறமாசம். வலி எடுத்திட்டு. அந்த ஜீப்புல, அந்த சீட்டுலதான் தூக்கி வச்சிக் கொண்டு போனேன். ரோடு பூராக் குழி. ஒவ்வொரு குழிக்கும் இன்னும் எம்புட்டு தூரம், இன்னும் எம்புட்டு தூரம்னு கேட்டுக்கிட்டே வந்தா. ஆசுபத்திரி வாறதுக்குள்ள..."

மூக்கை உறிஞ்சினான்.

"பொறவும் அதுலயே இருந்தா. வண்டி குலுங்குனா ரோடு இன்னும் முடியலன்னு உக்காராம கம்பியப் புடிச்சிக்கிட்டே நிப்பா. குலுங்காம ஓடுச்சின்னா, ஆசுபத்திரி வந்திட்டுன்னு எறங்கிருவா, அண்ணாச்சி. பிள்ளையப் பெறணும்லா அவளுக்கு. அதான் அந்த லாரி ஷாக்கு."

மைக்கேல்ராஜ் திரும்பி ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்தான்.

"அண்ணாச்சி... கழத்திட்டியளா?"

"கழட்டிட்டேன்."

"எங்க எறங்குனா? கூட யாரும் எறங்குனாவளா?"

உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. நர்ஸ் ஓடினாள். இவனும் ஓடினான்.

4.35.

லிடியா படுக்கையில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கை வயிற்றில். ஒரு கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆறாம் மாதத்தில், வலி.

வாலாஜாபாத்தில் பிறந்தவள். செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போனதில்லை.

"லிடியா..."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னும் எம்புட்டு தூரம்?" என்று கேட்டாள்.