அக்கா வீட்டில் வைத்த காம்பஸ் பெட்டி

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே வீட்டு வரிசை காலை வேளையில் மிதப்பதுபோல் இருக்கும். தண்டவாளப் பக்கமிருந்து வரும் வெண்புகை கொல்லை வாழைகளை மறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கும். அந்தப் புகையைப் பார்த்தபடிதான் மகள் இங்கிலீஷ் சொற்களை எழுத்துக்கூட்டுவாள். நான் வேலைக்குக் கிளம்பும்வரை கணக்குச் சொல்வேன்.

அவள் சேரவிருந்த பெண்கள் கல்லூரியில் புதியவர்களுக்கு முதலில் ஒரு பரீட்சை. அதைப் பார்த்துத்தான் மேல் வகுப்பா, கீழ் வகுப்பா என்று முடிவு செய்வார்கள். கீழே போட்டால் படிப்பு ஒரு வருஷம் நீளும். அவ்வளவு காத்திருக்க முடியாது, கல்யாணத்தைப் பார்ப்போம் என்று என் மனைவி முன்பே சொல்லிவிட்டாள். மகள் வட்டம் வட்டமாக வரைந்து தள்ளினாள். வடிவகணிதத்தில்தான் அவளுக்குப் பயம்.

பரீட்சை திங்கட்கிழமை. புறப்பட வேண்டிய நேரம் ராகுகாலத்தில் விழுந்தது. ஆகவே ஞாயிறன்றே நல்ல நேரம் பார்த்து, மகளின் காம்பஸ் பெட்டியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பரஸ்தானம் வைத்தோம். பெட்டி கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் அக்கா வீட்டுக் கதவில் பித்தளைப் பூட்டு தொங்கியது. கிள்ளானில் அவர் மகளுக்கு வலி கண்டு, முதல் ரயிலில் போய்விட்டாராம்.

நான் கல்லைத் தேடினேன்.

"என்ன செய்யறீங்க?" என்றாள் மனைவி.

"பூட்டை உடைக்கப் போறேன்."

"பிரசவத்துக்குப் போயிருக்கிறவங்க வீட்டுப் பூட்டையா? அப்புறம் அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"அப்ப இவ எதை வச்சு வரைவா?"

"விடுங்கப்பா, நேரமாச்சு" என்றாள் மகள். அங்கே நடுங்காத குரல் அவளுடையது மட்டும்தான்.

கல்லூரி வாசலில் அவளை விட்டுவிட்டு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றேன். உள்ளே மணி அடித்தது. வெள்ளை உடுப்புப் பெண்கள் எல்லாரும் ஒருத்தியாகக் கரைந்து உள்ளே போனார்கள். எவ்வளவு நேரம் நின்றேனோ, தோளெல்லாம் மரத்தின் பூ.

வெளியே வந்தவளிடம் கேட்டேன். "வட்டம் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்னம்மா செஞ்சே?"

கையைத் தூக்கிக் காட்டினாள். ஒற்றைக் கண்ணாடி வளையல். எழுதும்போது சத்தம் போடும், எல்லாவற்றையும் கழற்று என்று காலையில் சொன்னவன் நான். வெறுங்கையோடு போகக் கூடாது என்று கைக்கு ஒன்றை விட்டுவைத்தவள் அவள் அம்மா.

"இதை வச்சுத்தான் வரைஞ்சேன். டீச்சர் பக்கத்துல வந்து நின்னு பாத்தாங்க."

"திட்டினாங்களா?"

"இல்லப்பா. அவங்க கையில இருந்த வளையலைத் தொட்டுப் பாத்துக்கிட்டாங்க."

மேல் வகுப்பு கிடைத்தது. அந்த வார இறுதியில் அக்கா பெட்டியோடு வந்தார். மூடியில் குங்குமம் இருந்தது.

"சாமி படத்துக்குக் கீழ பத்திரமா வச்சிருந்தேன்லா. பேரன் பொறந்திருக்கான். பரீட்சை என்னாச்சு?"

"பரஸ்தானம் வச்சது வீண் போகுமாக்கா?" என்றாள் என் மனைவி.

இப்போது மகள் தினமும் புகைக்குள் நடந்து மறைகிறாள். உருவம் போன பிறகும் வளையல் சத்தம் சற்று நேரம் கேட்கிறது. படியிறங்கும் முன் அவள் கைகளைப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.