கை தூக்கிய அக்கா

பள்ளிச் சீருடை தைக்கும் அவளைத் தெருவில் எல்லோரும் ‘பட்டன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு குள்ளம். அவளுடைய அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து இறந்துபோனார். இதயத்துடிப்பில் வரும் பரம்பரைக் கோளாறு என்று பிறகுதான் தெரிந்தது. அவளுக்கும் தம்பிக்கும் மார்பில் ஆளுக்கொரு கருவி வைத்தார்கள். துடிப்பு தறிகெட்டால் அது உள்ளேயே ஓர் அதிர்ச்சி கொடுத்து ஆளை மீட்கும். தம்பி பேருந்து ஓட்டுநர்.

இதயத்துடிப்பு மருத்துவர்களின் சங்கம் சிகிச்சை வழிகாட்டி ஒன்றைப் புதிதாக எழுத உட்கார்ந்தபோது, நோயாளிகள் சார்பில் அவளைக் கூப்பிட்டது. முதல் கூட்டத்துக்குக் கொண்டுவிட்டதே தம்பிதான். “டாக்டருங்களுக்கே பாடம் எடுக்கப் போறா எங்க அக்கா!” என்று வாசல் காவலரிடம் பீற்றிக்கொண்டான்.

கூட்டம் எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும். தலைவியான டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்பார்: “மருந்துக் கம்பெனி தொடர்பு, நாம எழுதுறதால சொந்தக்காரங்களுக்கு லாபமோ நஷ்டமோ, எது இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க.” சொன்னவர்கள் அந்தப் பகுதி முடியும்வரை வெளியே போய்க் காபி குடிப்பார்கள். மற்றவர்கள் ஆய்வுகளை அலசி, ஒரே வாக்கியத்தில் ‘வேண்டும்’ போடுவதா ‘நல்லது’ போடுவதா என்று மல்லுக்கட்டுவார்கள். “ஒரு காலருக்கு இத்தனை அளவா எடுப்பாங்க?” என்று அவள் கேட்டால் அறையே சிரிக்கும்.

அன்றைக்கு வந்தது வண்டி ஓட்டும் பகுதி. கருவி அதிர்ச்சி கொடுத்தவர்கள் பயணிகள் வண்டி ஓட்டலாமா? தம்பிக்குப் போன மழைக்காலத்தில்தான் அப்படி வந்திருந்தது. அவனுடைய டாக்டர் ஜாக்கிரதையாக ஓட்டச் சொல்லி விட்டுவிட்டார். ‘வேண்டாம்டா’ என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. வண்டிதான் அவனுக்கு உயிர். தலைவி வழக்கமான கேள்வியைக் கேட்டபோது அவள் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆய்வுகள் ரொம்பக் குறைவு. அவங்கவங்க டாக்டரே முடிவு பண்ணட்டுமே” என்றார் ஒருவர்.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று தலைவி அவளிடம் திரும்பினார்.

“எனக்கு மிஷின்ல உட்கார்ந்திருக்கும்போது வந்துச்சு. கண்ணு இருட்டி, ஊசி விரல்ல ஏறினதுகூடத் தெரியல. நான் ஓட்டினது தையல் மிஷினா இருக்கப்போய் விரலோட போச்சு.”

தலைவி கை தூக்கச் சொன்னார். ‘ஓட்டக்கூடாது’ என்ற வரிக்கு அவளும் கை தூக்கினாள். தம்பியிடம் சொல்லத் துணியாததைச் சங்கத்தின் வாயால் சொல்லிவிட்டோம் என்பது வீடு திரும்பும்போது உறைத்தது.

வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தார்கள். அதையும் அவள் தம்பியிடம் சொல்லவில்லை. வழிகாட்டி வெளிவந்தது. அவனுடைய டாக்டர் கையை விரித்துவிட்டார். பணிமனையில் அவனைச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குள் உட்கார வைத்தார்கள். “எந்தப் புண்ணியவான் எழுதினானோ” என்று அவன் புலம்பியபோது அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தாளமாட்டாமல் தலைவிக்குப் போன் செய்தாள். தம்பி ஓட்டுநர் என்பதை அன்றைக்கு மறைத்ததைச் சொன்னாள்.

“உங்க ஓட்டைக் கழிச்சாலும் அந்த வரி நிக்கும். ஆனா உங்க பேச்சைக் கேட்டு ரெண்டு பேர் மனசு மாறினாங்களே, அதை எப்படிம்மா கழிக்கிறது? குழு திரும்பக் கூடி அந்தப் பகுதியைப் பார்க்கட்டும். நீங்க வர வேண்டாம்.”

அவள் இல்லாமலே கூடினார்கள். அந்த வரி அப்படியே நின்றது. அவளுக்கு அது ஆறுதலாகவே இல்லை. நேரே தம்பி வீட்டுக்குப் போனாள்.

“அந்த வரிக்கு நானும் கை தூக்கினேன்டா.”

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். “முன்னாடியே சொல்லியிருந்தா நானே இறங்கியிருப்பேன்கா.”

“இறங்கியிருக்க மாட்டே.”

“மாட்டேன்தான். ஆனா நீ என்கிட்ட சொல்லியிருக்கணும்.”

இப்போதும் வாரம் தவறாமல் வருகிறான். அவள் பிள்ளைகளோடு விளையாடுகிறான். அவளிடம், கேட்டதற்கு மட்டும்தான் பதில்.