கட் சொல்லும் வரை

தொலைக்காட்சியில் அந்தப் படம் போட்ட மறுநாள், எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுவிடுவார். போன முறை பரிமாறும் பெண் கேட்டார்.

"மேடம், நேத்து உங்க படம் பாத்தேன். சின்னப் புள்ளைல இன்னா பேச்சு பேசுறீங்க! ஆனா பாதிக்கு மேல உங்களக் காணோமே, இன்னா ஆச்சு?"

"ஹாஸ்டல்ல சேத்துட்டாங்க" என்றேன். படத்தில் அப்படித்தான் ஒரு வசனம் வரும். கும்மிடிப்பூண்டியில் வாகன உதிரிபாகம் செய்யும் இந்த ஆலைக்கு நான் பொது மேலாளர். அந்த வசனத்தை அவசரமாக எழுத வேண்டி வந்த இடமும் இதே தொழிற்பேட்டைக்குள்தான் இருக்கிறது.

எனக்கு அப்போது ஏழு வயது. மீஞ்சூரில் இருந்தோம். அம்மாவின் தம்பி, சினிமா கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தருகிறவர். அவர் பிடித்த முதல் ஆள் நான். இந்த மாமா எனக்குக் கற்றுத்தந்த நடிப்புக் கலை ஒரே விதியில் அடங்கும். சாக்பீஸ் கோடு போட்ட இடத்தில் நிற்க வேண்டும். டைரக்டர் 'கட்' சொல்லும்வரை இடியே விழுந்தாலும் நகரக் கூடாது. நகர்ந்தால் பிலிம் வீண். ஒருமுறை டேக்கின் நடுவில் கட்டெறும்பு கடித்தும் நான் சிரித்தபடியே வசனத்தை முடித்ததை, மாமா போகிற கம்பெனியில் எல்லாம் சொல்லுவார்.

அன்று இந்தத் தொழிற்பேட்டையில் மூடிக் கிடந்த ஓர் உருக்காலையின் கொட்டகையில் படப்பிடிப்பு. கதைப்படி அப்பா உலையில் இறந்துவிட்டார். தெரியாமல் சாப்பாட்டுக் கேரியரோடு வரும் மகள் சேதி கேட்டு அழ வேண்டும். வழக்கமாகக் கண்ணில் கிளிசரின் போடுவார்கள். முந்தின வாரம் போட்டதில் கண் வீங்கி, இனி தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது இல்லாமல் எனக்கு அழ வரவில்லை. இரண்டு டேக் வீணாயிற்று. டைரக்டர் மாமாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். மாமா போய் அம்மாவிடம் பேசினார். சற்று நேரம் கழித்து நான் திரும்பிப் பார்த்தபோது, கேமராவுக்குப் பின்னால் அம்மா எப்போதும் உட்காரும் மடக்கு நாற்காலி காலியாக இருந்தது.

"மாமா, அம்மா எங்க?"

"ஊட்டுக்குப் போய்ட்டா. நீ ஒழுங்கா அழுவலன்னு கோச்சிகினு ரயிலேறிட்டா."

"எப்ப வரும்?"

"ஒழுங்கா நடிச்சா வருவா. இல்லன்னா வேற பாப்பாவ இட்டாந்து வளக்கப் போறாளாம்."

லைட் பிடித்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். "அம்மா" என்று கத்தினேன். வசனத்தில் "அப்பா" என்றுதான் இருந்தது. டைரக்டர் தடுக்கவில்லை. டப்பிங்கில் மாற்றிக்கொள்ளலாம். "ஓடட்டும், ஓடட்டும், நிறுத்தாத" என்று அவர் கேமராமேனிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. நான் மறுபடி கத்தினேன். மறுபடியும்.

கத்திக்கொண்டிருக்கும்போதே மூக்கில் ஒரு வாடை ஏறியது. மூத்திர நாற்றம் போல இருந்தது, ஆனால் ஊசியாகக் குத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் இறாலுக்கு ஐஸ் தயாரிக்கும் கம்பெனி. அங்கே குழாய் இணைப்பு விட்டு அமோனியா வெளியேறியிருந்தது. இது பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்தது சங்குச் சத்தமும், சுவர் மேல் ஏறி நின்ற ஒருவரின் கூச்சலும்தான்.

"நைனா, கேஸு லீக்கு! ஓடுங்க, ஓடுங்க!"

லைட்காரர்கள் ஓடினார்கள். கேமராமேன் ஓடினார். டைரக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். மாமா என் பக்கம் கொஞ்சம் வந்து, இருமி, திரும்பிவிட்டார். "வா பாப்பா, வந்துடு!" என்று அவர் குரல் வாசலிலிருந்து வந்தது.

நான் கோட்டின் மேல் நின்றேன். யாரும் கட் சொல்லவில்லை. விட்டுவிட்டுப் போன கேமரா ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நகர்ந்தால் டேக் கெடும். டேக் கெட்டால் அம்மா வரமாட்டாள். இதில் யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

கண் எரிந்தது. மூடிக்கொண்டேன். மூச்சை இழுத்தால் தொண்டை அறுத்தது. இழுக்காவிட்டால் நெஞ்சு இடித்தது. கண்ணைத் திறந்து பார்த்தபோது வெள்ளையாக ஏதோ தரையோடு நகர்ந்து வந்து என் முழங்காலை மறைத்திருந்தது. செத்துப்போவேன் என்று தோன்றவில்லை. இருமினால் டேக் போய்விடுமே என்றுதான் நடுங்கினேன்.

அம்மா வந்ததை நான் பார்க்கவில்லை. ஈர முந்தானை முகத்தில் வந்து அறைந்தது. அவள் என்னைத் தூக்கியதும் காலை உதறினேன்.

"விடும்மா, இன்னும் கட் சொல்லல!"

"கட்டு! கட்டு! சொல்லியாச்சுடி, கட்டு!" என்று என் காதுக்குள் கத்திக்கொண்டே ஓடினாள்.

தெருமுனையில் நின்ற தண்ணீர் லாரியின் குழாயைத் திறந்து, நான் அலற அலற என் கண்களைக் கழுவினாள். மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

"நா கூப்ட்டேன்க்கா. அவதான் வரமாட்டேன்னு நின்னுகினா."

அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. டைரக்டரின் உதவியாளர் ஒரு சோடாவோடு வந்தார். இந்த டேக் தேறுமா என்று தெரியவில்லை, எதற்கும் நாளை ஒருமுறை எடுத்துவிடலாமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அம்மா சோடாவை மட்டும் வாங்கிக்கொண்டாள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். கம்பெனியின் கவுன் என் உடம்பிலேயே இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை. அதற்குப் பிறகு நான் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.

ரயிலில் அம்மாவின் மடியில் இருந்தேன்.

"நாளைக்கு நல்லா அழுவுறேம்மா. நீ போவாத."

கவரப்பேட்டை தாண்டியது. பிறகு அம்மா, எதிரே இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நா எங்கயும் போவல பாப்பா. வெளிய நின்ன வேன்லதான் குந்திகினு இருந்தேன். நீ கூப்ட்டது அத்தினியும் கேட்டுச்சு."

நான் அதை நம்பவில்லை. கேட்டிருந்தால் வராமல் இருந்திருப்பாளா? கோபித்துக்கொண்டு போனதை மறைக்க அம்மா பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்று அவளை மன்னித்துவிட்டுத் தூங்கிப்போனேன்.