ஏழாவது வளைவில் ஓர் அருவி

தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற வேலையை அவள் யாரிடமும் விட்டதில்லை. ஊசியைக் கழற்றி, அடித்தகட்டைத் திருகித் திறந்து, இரும்புப் பற்களுக்கு நடுவே அடைந்து கிடக்கும் நூல் பிசிறைப் பழைய டூத் பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, துளைக்கு ஒரு சொட்டு. ஒன்றரைச் சொட்டு விட்டாலும் மறுநாள் தைக்கிற வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பள்ளிச் சீருடையில் எண்ணெய்க் கறை என்றால் அவள் பெயர் தலைமையாசிரியை வரைக்கும் போய் நாறும். அதனால் எண்ணெய் விட்டபின் ஒரு கந்தல் துணியை ஊசிக்கடியில் கொடுத்து, கறை வராத வரைக்கும் சும்மா மிதிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அப்படி மிதித்துக்கொண்டிருக்கும்போதுதான், தலை நிமிராமலே, "சரி, போலாம்" என்றாள்.

எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த புருஷனுக்குத் தன் காதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பாதிக் காதை எஞ்சின் தின்றுவிட்டது.

"எங்க?"

"எங்கயா? பதினோரு மாசமா அதையே போட்டு அரைச்சுக்கிட்டு இருக்கீங்களே, நாலு நாள் எங்கயாவது போயிட்டு வரலாம்னு. அங்கதான்."

வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு அவர் மைத்துனனுக்கு போன் செய்தார். அவள் மனசு மாறுவதற்குள் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட வேண்டும் என்கிற அவசரம் குரலில் தெரிந்தது. அவள் தம்பி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அவனிடம் ஒரு பழைய கார் உண்டு. ஏசி மட்டும் இல்லை, மற்றபடி எல்லாச் சத்தமும் உண்டு.

மகள் போய்ச் சேர்ந்த இந்தப் பதினோரு மாதத்தில் அவள் எங்கும் போகாததில் ஆச்சரியமில்லை. அதற்கு முன் பதினெட்டு வருஷமும் அவள் எங்கும் போனதில்லை. ஒரே மகள். பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. நாலு வயசில் வந்த ஒரு காய்ச்சல் இடுப்புக்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனது. மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். கட்டிலை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நாலு சட்டை தைப்பாள், எழுந்து மகளைத் திருப்புவாள், மறுபடி நாலு சட்டை. சட்டைதான் அந்த வீட்டில் கடிகாரம்.

அவர் லாரியோடு போனால் ஒன்பது, பத்து நாள் கழித்துத்தான் வருவார். குளித்துவிட்டு நேராகக் கட்டிலோரத்தில் வந்து உட்கார்ந்தால், "ரோட்டைச் சொல்லுப்பா" என்பாள் பட்டாணி. அவர் சொல்ல ஆரம்பிப்பார். பெரிய பாலம். பாலம் தாண்டினதும் வெள்ளைப் பறவைகள் இறங்குகிற ஏரி. ஏரிக்கரையில் மீன் வறுக்கிற அக்கா தங்கச்சி இரண்டு பேர். ஒருத்தி வறுப்பாள், ஒருத்தி பரிமாறுவாள், நடுவில் ஓயாமல் சண்டை, சண்டை முற்ற முற்ற மீன் நன்றாக முறுகும். அப்புறம் மலை, பதினோரு வளைவு. ஏழாவது வளைவில் ஓர் அருவி, லாரிக் கண்ணாடியில் சாரல் அடிக்கும் அளவுக்குக் கிட்டத்தில். இறங்கினால் கல் அடுப்பில் ரொட்டி சுடுகிற கடை. அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை மஞ்சள் பூ.

இவள் தைத்துக்கொண்டே கேட்பாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். மகளுக்கான பேச்சு அது, நாம் எதற்கு நடுவில் என்று இருப்பாள். மலை வரும்போது மட்டும் மிதிப்பதை நிறுத்திக்கொள்வாள், சத்தத்தில் பிள்ளைக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று.

தம்பி அரை மணியில் வந்துவிட்டான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"என்னக்கா, அதிசயமா இருக்கு! மாமா போன்ல பேசின வேகத்துக்கு, வீட்டுல திருடன்தான் பூந்துட்டானோன்னு ஓடி வந்தேன்."

"திருடன் வந்து இங்க என்னத்த எடுப்பான்? பட்டன் டப்பாவையா? உக்காரு."

மூன்று பேரும் துணி வெட்டுகிற மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தம்பி போனில் மேப்பைத் திறந்தான். லாரிக்காரர் யோசித்து வைத்திருந்தார் போல, மளமளவென்று சொன்னார்.

"ரெண்டு வழி இருக்கு. ஆறு வழிச் சாலை ஒண்ணு, வேகமாப் போலாம், ஆனா பாக்க ஒண்ணும் இல்ல, சுடுகாடு மாதிரி இருக்கும். கடலோரமாப் போனா ஒரு நாள் கூடும், ஆனா சாப்பாடு நல்லா இருக்கும், காத்து வரும். நான் கடலைத்தான் சொல்வேன்."

"ரெண்டும் வேணாம்," என்றாள் அவள். "பட்டாணியோட ரோட்ல போலாம்."

தம்பிக்கும் அந்த ரோடு தெரியும். அக்கா வீட்டில் சாப்பிட வந்த நாட்களில் அவனும் கேட்டிருக்கிறான். "சூப்பர்க்கா!" என்றான். "சொல்லு, எங்கேர்ந்து?"

"பாலம். அப்புறம் ஏரி. பாலத்துலேர்ந்து ஏரிக்கு ரெண்டு காலர்."

"என்னது?"

"ரெண்டு காலர் தைக்கிற நேரம்டா. ஏரியிலேர்ந்து மலைக்கு நாலு காலர், ஒரு பாக்கெட்."

தம்பி மேசையில் தட்டிச் சிரித்தான். "மாமா பேசற நேரத்தையா கிலோமீட்டர் ஆக்கி வச்சிருக்கே? நடுவுல அவர் தண்ணி குடிச்சாரே, அது எத்தன பட்டன்?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. பதினோரு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. லாரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வெங்காயத் தோலைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்.

தம்பி விரலால் மேப்பை விரித்தும் சுருக்கியும் பார்த்தான். பாலம் கிடைத்தது. பறவை ஏரி கிடைத்தது, ஆனால் வடக்கே, இருநூறு கிலோமீட்டர் தள்ளி. பதினோரு வளைவு உள்ள மலை ஒன்றைக் கண்டுபிடித்தான். அது நேர் எதிர்த் திசையில். "இந்த ரோட்ல லாரி போகாதுக்கா, பறந்தாத்தான் உண்டு. மாமா, நீங்களே காட்டுங்க. எங்க இருக்கு?"

"ரோடெல்லாம் இப்ப மாத்திட்டாங்கப்பா," என்றார் அவர். "பைபாஸ் வந்துருச்சு."

"பைபாஸ் வந்தா ஏரியுமா நகரும்?"

கீழே யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். தம்பியின் கார்தான் வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. "இருங்க, தள்ளி விட்டுட்டு வந்துடறேன்" என்று போனை மேசையிலேயே வைத்துவிட்டு அவன் படியிறங்கினான்.

அவன் காலடிச் சத்தம் ஓய்ந்ததும் அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அந்த ரோடு எங்க இருக்கு?"

"இல்லம்மா."

"இல்லன்னா?"

"இல்ல. அவ்வளவுதான்." தோல் குவியலைப் பார்த்தபடியே சொன்னார். "பாலம் நிஜம். ஏரியை எப்பவோ ஒரு தடவ பாத்தேன், வேற லோடு போனப்ப. மிச்சதெல்லாம் சும்மா. லாரியில என்னம்மா தெரியும்? முன்னாடி போற வண்டியோட பின்பக்கம் தெரியும். சாப்பாடுன்னா, லோடு ஏத்தற இடத்துல நின்னுக்கிட்டே ரெண்டு பன்னு, ஒரு டீ. சிமெண்ட் ஏத்தினேன், சிமெண்ட் இறக்கினேன்னு வந்து பிள்ளைகிட்ட சொல்ல முடியுமா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒரு மனுஷன் நாலு பொய் சொன்னால் அதில் என்ன குறை? அவ்வளவு வருஷமும் பட்டாணி அந்தப் பொய்யைத்தானே நம்பிக்கொண்டு கிடந்தாள் என்பதுதான் உறுத்தியது.

"பாவம், நம்பிக்கிட்டே போயிட்டா," என்றாள்.

"அவளா?" அவர் நிமிர்ந்தார். "அவளுக்கு எல்லாம் தெரியும். எட்டு வயசுலயே கண்டுபிடிச்சுட்டா. 'போன தடவ ஏரி இடது பக்கம் இருந்துச்சு, இப்ப வலது பக்கம் போயிருச்சே, நீந்திப் போச்சாப்பா'ன்னு கேட்டா. அதுக்கப்புறம் ரோட்டைப் போட்டதே அவதான். நான் ஓட்டினேன், அவ்வளவுதான். சண்டை போடற அக்கா தங்கச்சி அவ வச்சது. ரொட்டிக் கடை அவ வச்சது. நீ கடைக்கு நூல் வாங்கப் போற நேரமாப் பாத்து, 'இன்னைக்கு இதச் சொல்லு, அதச் சொல்லு'ன்னு எனக்குப் பாடம் நடத்துவா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நீ தைச்சுக்கிட்டே கேப்பேல்ல, அதுக்குத்தான்."

மெஷின் மேல் கிடந்த கந்தலை எடுத்து அவள் காரணமில்லாமல் நாலாய் மடித்தாள். மலை வரும்போதெல்லாம் மிதிப்பதை நிறுத்தியது நினைவுக்கு வந்தது. அப்போது பட்டாணி தலையைத் திருப்பி இவள் பக்கம் பார்ப்பாள். சத்தம் நின்றதும் பார்க்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அருவி?" என்று கேட்டாள்.

"அதுவும் அவதான். 'அம்மாவுக்குத் தண்ணின்னா பிடிக்கும்ப்பா, கிட்டத்துல வை, நனையற மாதிரி வை'ன்னா."

"எப்பச் சொன்னா?"

"எப்பவோ."

"எப்பன்னு சொல்லுங்க."

அவர் யோசித்தார். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, நிஜமாகவே முயன்று யோசித்தார். "உன் தங்கச்சி புது வீட்டுக்குப் போனாளே, எல்லாரையும் கூப்பிட்டாளே, நீ போகல. அந்த வாரம்தான். பட்டாணிக்குப் பதினஞ்சு வயசு இருக்கும்."

தங்கச்சி வீட்டுக்கு முன்னால் ஆறு ஓடும். இரண்டு நாள் வந்து இரு என்று போனில் கெஞ்சினாள். அப்போது இவள் அடுப்படியில் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். "நான் எங்கடி வர்றது? இத வச்சுக்கிட்டு எங்கயும் நகர முடியாது. இது இருக்கற வரைக்கும் எனக்கு இந்த ரூம்தான்." மகளை இது என்றாள். பெயர்கூடச் சொல்லவில்லை. கதவு சாத்தியிருந்தது, தண்ணீர்க் குழாய்கூடத் திறந்திருந்தது என்று அதன் பிறகு எத்தனையோ முறை தனக்குத் தானே சமாதானம் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்தபோது பட்டாணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று திருப்பிப் படுக்க வைத்தாள்.

அந்த வாரமே அருவி வந்திருக்கிறது.

"என்ன ஆச்சு?" என்றார் அவர். அவருக்கு அந்தப் போன் பேச்சு தெரியாது. அன்றைக்கு அவர் எங்கோ ஒரு குடோன் வாசலில் சிமெண்டோடு நின்றிருப்பார். "ஏன் இப்படிப் பாக்கற? நல்லதுக்குத்தானே சொன்னேன். அவளுக்கு உன்மேல அவ்வளவு பாசம்."

போனில் பேசியதை அவரிடம் சொல்லிவிடலாம். சொன்னால் அவர் "அதெல்லாம் அவ காதுல விழுந்திருக்காது" என்பார். அந்த வார்த்தையைக் கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

தம்பி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் படியேறி வரும் சத்தம் கேட்டது. லாரிக்காரர் போனைத் தன் பக்கம் இழுத்து, தடித்த விரலால் கடலோரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அவள் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார்.

"கடல் வழியாவே போலாம்மா. இதுல நிஜமாவே மீன் நல்லாருக்கும். ஒரு தடவ வண்டி நின்னுபோச்சு, அப்ப இறங்கிச் சாப்பிட்டிருக்கேன். பொய் இல்ல. ரோடு முழுக்கத் தண்ணி பக்கத்துலயே வரும். என்ன, தம்பிகிட்ட சொல்லிடவா?"

அவள் எழுந்தாள். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினாள். உள்ளே வந்த தம்பி வழிவிட்டு ஒதுங்கி, "எந்த ரூட்டுக்கா முடிவு பண்ணீங்க?" என்றான். அவள் அவனைத் தாண்டி, அறையை விட்டு வெளியே போனாள்.