மிஸ்டர் சென்னியப்பனின் பெட்ரோல் மூடி

மிஸ்டர் சென்னியப்பன் இறந்த செய்தி எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்புக்கும் யாரோ அனுப்பிய காலை வணக்கத்துக்கும் நடுவில் இருந்தது. நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் வருவதில் பாதி பொய். இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போனேன். அவர் வாசலில் செருப்புகள் கலைந்து கிடந்தன. அவருடைய ஜோடி மட்டும் வழக்கம்போல் சுவரோரம் நேராக இருந்தது. அப்போதுதான் நம்பினேன்.

அவர் கோயம்புத்தூரில் பம்பு தொழிற்சாலையில் வேலையைத் தொடங்கி, புனேயில் முப்பது வருடம் இயந்திரங்களோடு கழித்து ஓய்வு பெற்றவர். விமான் நகர்த் தமிழர்களே, இந்த நினைவு மலரில் நீங்கள் எல்லோரும் அவரை நல்லவர் என்று எழுதுகிறீர்கள். நான் அவரை நல்லவர் என்று நினைத்த காலம் குறைவு, சந்தேகப்பட்ட காலம்தான் அதிகம். அதை எழுதுவதே நேர்மை.

எங்கள் பேஸ்மென்ட்டில் தூணோரம் என் கணவரின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. விமானப்படையில் சேர்ந்த புதிதில் வாங்கியது. அவர் காலமான பிறகு அது ஓடவில்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு அதற்குப் பக்கத்தில் ஒரு புது வண்டி வந்து நின்றது. அதே கரும்பச்சை, அதே வட்ட விளக்கு, டாங்க்கில் அதே மெல்லிய பொன்னிறக் கோடு. உரிமையாளர் சென்னியப்பன். அறுபத்தாறு வயதில் ஒருவர் எதற்காக என் கணவரின் வண்டி போலவே ஒன்றை வாங்கி அதன் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும்? உதிரி பாகங்களுக்கு அடி போடுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

ஒருநாள் குனிந்து அந்த வண்டியைப் பரிசோதித்தேன். கார்புரேட்டர் மாதிரி தெரிந்தது வெறும் உறை. வட்ட மீட்டருக்குள் ஒரு சின்னத் திரை ஒளிந்திருந்தது. காற்றில் குளிர்வதற்கான பட்டைகள் எஞ்சினைச் சுற்றி இருந்தன, ஆனால் குளிரவைக்கும் வேலையை முன்னால் இருந்த ரேடியேட்டர் செய்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவரிடம், இது என்ன வேஷம் என்று கேட்டேன்.

"வேஷம் இல்லீங்க மேடம். பழசோட முகம் வேணும், பழசோட மக்கர் வேண்டாம். அவ்வளவுதானுங்க."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வயதின் கஷ்டம் வேண்டாம், வயதுக்குரிய மரியாதை மட்டும் வேண்டும் என்று சொல்வது போல் இருந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியை ஆறாம் மாடிக்குக் கொண்டுவர முடியாது என்பதால், அதன் பெட்ரோல் மூடியை என் கணவர் கழற்றி எடுத்து வருவார். வெள்ளி விளக்குகளோடு அதையும் துலக்கி, பொட்டிட்டு, சரஸ்வதி படத்தின் முன் வைப்போம். மறுநாள் மூடி கீழே போய்விடும். அவருக்குப் பின் நானும் அதைத் தவறவிட்டதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தசரா முடிந்து சில வாரம் கழித்து வண்டியைத் துடைக்கப் போனேன். டாங்க் வாய் திறந்து கிடந்தது, மூடியைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் சென்னியப்பன் வண்டியில் பழைய பாணியில் ஒரு குரோம் மூடி பளபளத்தது. முந்தின மாதம் அங்கே இருந்தது பூட்டு வைத்த சாதாரண மூடி.

நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. புனேயில் கோபத்தைப் பலகையில் எழுதி மாட்டுவதுதான் முறை. எனக்கு அந்த முறை பிடிக்கும். ஆங்கிலத்திலும், எதிர்வீட்டு அம்மாளின் உதவியோடு மராத்தியிலும் எழுதித் தூணில் ஒட்டினேன்: 'இங்கே நிற்கும் பழைய வண்டியின் மூடியைக் காணவில்லை. பழையதாகத் தெரிய ஆசைப்படும் புதிய வண்டியின் உரிமையாளர் தம் மூடியைச் சரிபார்த்துக்கொள்ளவும்.' பேஸ்மென்ட்டில் அப்படிப்பட்ட வண்டி ஒன்றே ஒன்றுதான்.

எல்லோரும் படித்தார்கள், சிரித்தார்கள். கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் அவரிடம் நேராகவே கேட்டார். தன் மூடியை நானா பேட் உதிரிபாகக் கடையில் வாங்கியதாகச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். குற்றமுள்ளவர்தான் இவ்வளவு சுருக்கமாகப் பேசுவார் என்று நினைத்தேன். ஒரு வருடம் அந்தத் தாள் தூணில் இருந்தது. லிஃப்ட்டில் அவர் வணக்கம் சொன்னால் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு வெள்ளிப் பெட்டியைத் திறந்தேன். குத்துவிளக்குக்கு அடியில், போன வருடத்துக் குங்குமத்தோடு, மூடி இருந்தது. நானே துலக்கியது, நானே விளக்குகளோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தது. மறதி என்பது மற்றவர்களுக்கு வருவது என்று எண்ணியிருந்தேன். பூஜை முடிந்ததும் கீழே போய், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மூடியைப் பொருத்தினேன். தாளைக் கிழித்தேன்.

மறுநாள் காலை அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மூடி வந்துருச்சாட்ட இருக்குதுங்க" என்றார். வந்துவிட்டது என்றேன். எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. கராடி வரை போகிறேன், வருகிறீர்களா என்றுதான் கேட்டார். பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

பின் சீட் பார்க்க அழகு. உட்கார்ந்தால் பலகை. பழசின் மக்கரை நீக்கியவர்கள் முதுகுவலியை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பட்டனில் கிளம்பியது. மேடு பள்ளத்தில் நிதானமாகப் போனது. பழைய வண்டி மாதிரியான அந்தச் சத்தம் போலிதான், இருந்தாலும் ஒரு திருப்பத்தில் நான் சேலைத் தலைப்பை இழுத்து மடியில் செருகிக்கொண்டேன். என் கணவரின் பின்னால் உட்கார்ந்து செய்வது அது. சிக்னலில் ஒரு பையன் இந்தியில், அங்கிள், எந்த வருடத்து வண்டி என்று ஆசையாகக் கேட்டான். புதுசு என்றதும் அவன் முகம் தொங்கிவிட்டது. "பாத்தீங்களா, உங்க கட்சிதான்" என்றார் சென்னியப்பன்.

கராடியில் ஒரு டீக்கடையோரம் நின்றோம். அவருடைய மூடி வெறும் அழகுக்கு. உண்மையான மூடி அதற்கு அடியில் இருந்தது. அன்றுதான் அதைக் கவனித்தேன். அவர் அதை என் வண்டியில் வைத்துக் காட்டியிருந்தால் பொருந்தாது என்று ஒரே நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஏன் அதைச் செய்யவில்லை என்று கேட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் எடுக்கலைன்னு ஆயிருந்தா நீங்க அடுத்தது வாட்ச்மேனைத்தானுங்களே சந்தேகப்படுவீங்க? என்னைய சந்தேகப்பட்டா ஒரு தாளோட போச்சுங்க. அவனைச் சந்தேகப்பட்டா வேலையே போயிருமுங்க."

அவர் சொன்னது உண்மை. காவலாளி விலாஸின் பெயர் அப்போதே என் மனதில் இரண்டாவதாக இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. டீயில் சர்க்கரை அதிகம் என்றேன். அவர் ஆமாம் என்றார். திரும்பி வந்தோம்.

அதற்குப் பிறகு அவரை எத்தனையோ நாள் லிஃப்ட்டில் பார்த்தேன். சீட்டைக் குறை சொன்னேன், கார்புரேட்டர் உறையைக் கேலி செய்தேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

போன வாரம் அதே தூணில், அதே இரண்டு மொழிகளில் ஒரு தாள் ஒட்டினேன்: 'மூடி என் வீட்டில்தான் இருந்தது. மிஸ்டர் சென்னியப்பன் எடுக்கவில்லை. அவர் மேல் பழி சுமத்தியவள் ஆறாம் மாடியில் இருக்கிறேன்.' முதல் தாளைப் படித்துச் சிரித்தவர்கள் இதையும் நின்று படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ் படிப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை.

அவர் மகள் வண்டியை விற்கப்போகிறாள். அப்பாவின் நினைவாக ஏதாவது வேண்டுமா ஆன்ட்டி என்று கேட்டாள். அந்தப் பொய் மூடியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அது வெள்ளிப் பெட்டியில், குத்துவிளக்குக்கு அடியில் இருக்கிறது. வரும் ஆயுத பூஜைக்கு இரண்டு மூடிகளைத் துலக்குவேன். அவருடைய மூடியோடு ஒரு சீட்டும் வைத்திருக்கிறேன்: 'இது சென்னியப்பனுடையது. நான் கேட்டு வாங்கியது.' இப்போது என் சந்தேகமெல்லாம் என் ஞாபகத்தின் மேல்தான்.